ஒற்றை விளக்கிலிருந்து ஒரு போஸ்டர்: ஃபிலிம் நுவார் பாணியைக் கற்கத் தொடங்குவோருக்கு

இருண்ட பழைய ஹாலிவுட் குற்றப் படங்களின் பாணியான நுவாரில் போஸ்டர் செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, கணினித் திரையில் பின்னணி முழுவதையும் கறுப்பாக்குவது. பிறகு ஒரு தொப்பி, ஒரு துப்பாக்கி, கொஞ்சம் புகை. பார்ப்பதற்கு நுவார் போலவே இருக்கும்; மனத்தில் ஒன்றும் தங்காது. இந்தப் பாணியில் கறுப்பு என்பது வெளிச்சம் போய்ச் சேராத இடம். விளக்கு எங்கே இருக்கிறது, அது எதைக் காட்டாமல் விடுகிறது என்று முடிவு செய்யாமல் பூசிய கறுப்பு வெறும் மை.

வரைகலை படித்திராதவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒன்றிரண்டு செல்பேசிகள், ஒரு மேசை விளக்கு, நாலைந்து அட்டைகள், இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் ஒன்று இருந்தால் போதும். ஒரு குறும்படத்துக்கோ கல்லூரி நாடகத்துக்கோ தேவையான போஸ்டரை இரண்டு மூன்று இரவுகளில் செய்துவிடலாம்.

தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

'ஃபிலிம் நுவார்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குக் கறுப்புப் படம் என்று பொருள். போர்க்காலத்தில் பிரான்சுக்குள் வர முடியாதிருந்த அமெரிக்கப் படங்கள் 1946 கோடையில் பாரிஸ் திரையரங்குகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவற்றில் பல குற்றக் கதைகள் ஒரேவிதமாக இருண்டிருந்ததைக் கவனித்த விமர்சகர் நினோ ஃபிராங்க் அந்த ஆண்டிலேயே இந்தப் பெயரைப் பயன்படுத்தி எழுதினார். படங்களை எடுத்த ஹாலிவுட்காரர்களிடம் அப்போது இப்படி ஒரு பெயர் புழக்கத்தில் இல்லை.

அந்த நிழல்களின் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. 1920இல் அங்கு வெளியான 'தி கேபினெட் ஆஃப் டாக்டர் கலிகாரி' படத்தில் நிழல்களையும் ஒளிக்கீற்றுகளையும் அரங்கச் சுவர்களின் மேலேயே வண்ணத்தால் தீட்டியிருந்தார்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு அங்கிருந்து வெளியேறிய ஃபிரிட்ஸ் லாங், பில்லி வைல்டர், ராபர்ட் சியோட்மாக் ஆகியோர் பின்னாளில் ஹாலிவுட்டின் முக்கியமான நுவார் படங்களை எடுத்தார்கள். தமிழில் இந்த ஒளியமைப்பின் அழகைப் பார்க்க விரும்புகிறவர்கள் 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' படத்தை இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். கதாநாயகன் சுடப்படுவதில் தொடங்கும் அந்தப் படத்தில் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது.

புதியவர்களைத் தடுமாற வைக்கும் ஒரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். படங்கள் கறுப்பு வெள்ளை. அவற்றின் போஸ்டர்கள் வண்ணம். 1940களின் அமெரிக்க போஸ்டர்கள் லித்தோ அச்சில் சிவப்பும் மஞ்சளுமாகத் திரையரங்க வாசலில் பளிச்சென்று நின்றவை. 'ஒன் ஷீட்' எனப்படும் வழக்கமான தாளின் அளவு 27க்கு 41 அங்குலம். ஸ்டில் புகைப்படத்தைப் பார்த்து ஓவியர் முகத்தை வண்ணத்தில் தீட்டுவார். தலைப்பைக் கையால் எழுதுவார்கள், பல நேரங்களில் சாய்வாக. கறுப்பு வெள்ளைக்கு நடுவே ஒரு துளிச் சிவப்பு என்று இன்று நாம் நினைக்கும் 'நுவார் போஸ்டர்', படங்களின் நினைவிலிருந்து பிற்காலம் உருவாக்கிக்கொண்ட வடிவம். ஆகவே நமக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒளியைப் படங்களிலிருந்து கற்க வேண்டும். துணிச்சலைப் பழைய போஸ்டர்களிலிருந்து.

முதல் படி: குற்றத்தை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்

நுவார் கதையில் யாரோ எதையோ மறைக்கிறார்கள். அது யார், எதை என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பயிற்சிக்காக நானே கற்பனை செய்த கதை ஒன்றை இந்தக் கட்டுரை முழுவதும் எடுத்துக்கொள்கிறேன். பெயர் 'ஏழாம் மாடி'. 'பழைய கட்டடம் ஒன்றில் இரவுப் பணியில் இருக்கும் லிஃப்ட் ஆபரேட்டர், தான் மேலே ஏற்றிச் சென்ற ஒருவர் திரும்பி இறங்கவே இல்லை என்பதை மறைக்கிறார்.'

இந்த வாக்கியம் தயாரானவுடன் பாதி வேலை முடிந்துவிட்டது. பழைய லிஃப்ட்டில் இரும்புப் பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாக மடங்கும் கதவு இருக்கும். அந்தக் கதவின் நிழல் ஒரு மனிதனின் முகத்தில் விழுந்தால் போதும். துப்பாக்கியும் வேண்டாம், தொப்பியும் வேண்டாம். 1944இல் வந்த 'டபுள் இன்டெம்னிட்டி' படத்தில் ஜன்னல் பட்டைகளின் நிழல் அறை முழுவதும் கோடு கோடாக விழுகிறது. ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் அந்த வீட்டின் தூசி ஒளியில் மின்ன வேண்டும் என்பதற்காக அலுமினியத் துகளைக் காற்றில் தூவினார். அந்தக் கோடுகளைத்தான் உலகம் முழுவதும் போஸ்டர்களில் நகல் எடுக்கிறார்கள். அந்தப் படத்துக்கு அது பொருத்தம்: வெளியே கலிஃபோர்னிய வெயில், உள்ளே சதி. உங்கள் கதையில் அப்படிப்பட்ட ஜன்னல் இல்லையென்றால் அந்த நிழலுக்கும் அங்கே வேலை இல்லை. உங்கள் கதை நடக்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். மாடிப்படிக் கைப்பிடி, மருத்துவமனைத் திரை, மின்விசிறியின் இறக்கை, கடையின் ஷட்டர்.

இரண்டாம் படி: அறையை இருட்டாக்கி ஒரே விளக்கை ஏற்றுங்கள்

இதுதான் மையமான படி. இதற்கு மட்டும் ஓர் இரவு முழுவதையும் ஒதுக்குங்கள்.

ஸ்டூடியோக்களில் மூன்று விளக்குகள் வழக்கம். முகத்துக்கு முக்கிய ஒளி தருவது கீ லைட், அதனால் உண்டாகும் நிழலை இளக்குவது ஃபில் லைட், தலையையும் தோளையும் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டுவது பேக் லைட். நுவார் ஒளிப்பதிவாளர்கள் ஃபில் லைட்டை மிகவும் குறைத்தார்கள் அல்லது எடுத்தேவிட்டார்கள். அந்த ஒரு விளக்கு போனதும் முகத்தின் பாதி இருளுக்குள் போய்விட்டது. இந்தப் பாணியின் அடிப்படை அவ்வளவுதான்.

வீட்டில் ஃபில் லைட் இல்லையே என்று நினைக்காதீர்கள். வெள்ளைச் சுவர் ஒரு ஃபில் லைட். விளக்கின் வெளிச்சம் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி நிழலுக்குள் புகுந்துவிடும். அதனால் விளக்குக்கு எதிர்ப் பக்கத்தில் கறுப்புப் போர்வை ஒன்றைத் தொங்கவிடுங்கள். அதைத் தொங்கவிட்ட நொடியில் நிழல் ஆழமாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

விளக்கின் அளவும் முக்கியம். ஒளி சிறிய புள்ளியிலிருந்து வந்தால் நிழலின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல இருக்கும். டியூப் லைட், பால் நிற மூடியுள்ள எல்இடி பல்பு போன்றவை நிழலை மழுங்கடிக்கும். செல்பேசியின் டார்ச் இந்த வேலைக்கு மிக நல்லது. ஒரு செல்பேசி விளக்காகட்டும், இன்னொன்று கேமராவாகட்டும்.

இப்போது விளக்கை நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். முகத்துக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் நாற்பத்தைந்து பாகையில் வைத்தால் இருண்ட கன்னத்தில் சிறு முக்கோணமாக ஒளி விழும். அந்த மனிதர் எதையோ யோசிப்பவர்போலத் தெரிவார். நேர் பக்கவாட்டில் வைத்தால் முகம் இரண்டாகப் பிளக்கும். கீழிருந்து வைத்தால் புருவத்தின் நிழல் நெற்றியில் ஏறும், பார்ப்பவருக்கு அச்சம் வரும். தலைக்குப் பின்னால் வைத்தால் உருவரை மட்டும் மிஞ்சும். நாலையும் படம் எடுத்துக்கொண்டு உங்கள் வாக்கியத்தோடு ஒப்பிடுங்கள். நம் லிஃப்ட் ஆபரேட்டர் கொடியவர் இல்லை, பயந்தவர். அவருக்குக் கீழ் விளக்கு பொருந்தாது. பக்கவாட்டு விளக்கைத் தேர்ந்துகொள்கிறேன்.

செல்பேசிக் கேமராவுக்கு இருட்டு பிடிக்காது. நிழலைத் தானாகவே வெளுக்க வைக்கும். ஆகவே அப்படிச் செய்யும் நைட் மோட், எச்டிஆர் என்ற கேமரா அமைப்புகளை அணைத்துவிடுங்கள். திரையில் முகத்தின் மிக வெளிச்சமான இடத்தை விரலால் தொட்டு, பிறகு வெளிச்சத்தைக் குறைக்கும் கோட்டைக் கீழே இழுங்கள். நெற்றி வெள்ளையாக வெடிக்காமல், தோலின் துளைகள் தெரியும்வரை இழுங்கள். செல்பேசியைக் கையில் பிடிக்காமல் நாலு புத்தகங்களின் மேல் சாய்த்து வைப்பது நல்லது.

மூன்றாம் படி: நிழலை வெட்டுங்கள்

ஏ4 அளவு அட்டையில் லிஃப்ட் கதவின் வடிவத்தை வெட்டுகிறோம். குறுக்குப் பட்டைகள் ஒரு சென்டிமீட்டர், இடையில் வைர வடிவ இடைவெளிகள் இரண்டு சென்டிமீட்டர். விளக்குக்கும் முகத்துக்கும் நடுவில் அட்டையைப் பிடியுங்கள். அட்டை முகத்தை நெருங்க நெருங்க நிழல் கூர்மையாகும்; விளக்கை நெருங்க நெருங்கப் பெரிதாகி மங்கும். கேமராவின் பார்வையில் அட்டை வராத எல்லைவரை முகத்துக்கு அருகே கொண்டுபோங்கள்.

அட்டையை மெல்ல நகர்த்தும்போது ஒவ்வொரு அங்குலத்துக்கும் கதை மாறும். ஒரு கண் இடைவெளிக்குள் வந்து ஒளி பெறுகிறது. மறுகணம் அதே கண்ணின்மேல் பட்டை விழுகிறது, பார்வை போய்விடுகிறது. நம் கதையில் அந்த மனிதர் பார்த்திருக்கிறார், ஆனால் சொல்லவில்லை. ஆகவே ஒரு கண் முழு வெளிச்சத்தில், வாய் முழு இருளில். இப்படி வருகிறவரை அட்டையை நகர்த்துங்கள். எனக்கு இது அமைய ஏறக்குறைய நாற்பது படங்கள் எடுக்க வேண்டியிருந்தது. கிடைத்த அந்த ஒரு படத்தில் கண்ணின் கருவிழியில் விளக்கு ஒரு கடுகளவு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. அந்தப் புள்ளி இல்லாத படங்களில் முகம் உயிரற்றிருந்தது. அதை எந்த மென்பொருளாலும் பிறகு சேர்க்க வேண்டாம், விளக்கிடமிருந்தே வாங்கிக்கொள்ளுங்கள்.

சுவரில் பெரிய நிழல் வேண்டுமென்றால் கணக்கு எளிது. விளக்கிலிருந்து சுவர்வரை உள்ள தூரத்தை விளக்கிலிருந்து ஆள்வரை உள்ள தூரத்தால் வகுத்தால், நிழல் எத்தனை மடங்கு பெரிதாகும் என்பது கிடைத்துவிடும். சுவர் 3 மீட்டரில், ஆள் 2 மீட்டரில் என்றால் நிழல் ஒன்றரை மடங்கு. ஆள் 1 மீட்டரில் நின்றால் மூன்று மடங்கு, வீட்டுச் சுவரில் அது அடங்காது. விளக்கைத் தரையில் வைத்தால் நிழல் மேல்நோக்கி நீண்டு கூரையில் முறியும். அந்த முறிவு மிக அழகாக இருக்கும்.

நான்காம் படி: புகையும் ஈரமும்

புகைக்கு முன்னாலிருந்து ஒளி அடித்தால் அது சாம்பலாகத் தெரியும் அல்லது தெரியவே தெரியாது. பின்னாலிருந்து, சற்றுப் பக்கவாட்டாக ஒளி வந்து, பின்னணியும் இருட்டாக இருந்தால் ஒவ்வொரு சுருளும் வெள்ளி நூல்போலப் பிரியும். வீட்டில் சாம்பிராணி போட்டுப் பாருங்கள்; ஜன்னலை மூடி மின்விசிறியை நிறுத்திவிட்டால் புகை நேராக எழுந்து, ஓரடி உயரத்துக்கு மேல்தான் சுருளத் தொடங்கும். எடுத்து முடித்ததும் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். சிகரெட்டைத் தவிர்க்கச் சொல்வேன். இந்தியாவில் திரைப்பட போஸ்டர்களில் புகையிலைப் பயன்பாட்டைக் காட்ட விதிகள் தடை செய்கின்றன; தவிர, புகைக்கு நுவாரில் வேறு வேலைகளும் உண்டு. 1974இல் வந்த 'சைனாடவுன்' படத்துக்கு ஜிம் பியர்சால் செய்த போஸ்டரைத் தேடிப் பாருங்கள். துப்பறிவாளரிடமிருந்து எழும் புகை சுருண்டு சுருண்டு ஒரு பெண்ணின் முகமாகிறது. அங்கே புகை கதையையே சொல்கிறது.

ஈரத்துக்கும் இதே விதி. இரவுக் காட்சிகளுக்காகத் தெருவில் தண்ணீர் அடித்த பிறகே அந்தக் காலத்தில் படம் எடுத்தார்கள். காய்ந்த தார்ச்சாலை ஒளியை விழுங்கிவிடும். நனைந்த சாலை தெருவிளக்கைத் திருப்பித் தரும். மாடித் தரையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் உங்களுக்கும் அது கிடைக்கும்.

ஐந்தாம் படி: தாளில் இடம் பிரித்தல்

நாற்பதுகளின் போஸ்டர்களில் ஒரு பழக்கம் அடிக்கடி தென்படும். மேலே பெரிய முகம், கீழே சிறிய காட்சி, நடுவில் சாய்ந்த தலைப்பு. நட்சத்திரத்தின் முகம் விற்க வேண்டும், கதையும் கொஞ்சம் தெரிய வேண்டும் என்ற வணிகத் தேவை அது. ஆர்கேஓ என்ற ஹாலிவுட் படநிறுவனத்துக்காக வில்லியம் ரோஸ் வரைந்த 'அவுட் ஆஃப் தி பாஸ்ட்' (1947) போஸ்டரை நான் பல முறை பார்த்திருக்கிறேன். நிதானமாக நிற்கும் அந்த முகமே ஓர் எச்சரிக்கைபோல இருக்கும். முகத்தை அப்படி நம்பலாம். ஐந்து பேரின் முகங்களை அடுக்க வேண்டாம்.

சாய்வு இன்னொரு கருவி. வியன்னாவில் எடுக்கப்பட்ட 'தி தேர்டு மேன்' (1949) படத்தில் கேமராவையே சாய்த்துச் சாய்த்து வைத்தார்கள். உலகம் நேராக இல்லை என்ற உணர்வு தானாக வந்துவிடுகிறது. போஸ்டரில் பத்துப் பாகைக்கு மேல் சாய்த்தால் கப்பல் கவிழ்வதுபோல ஆகிவிடும். 'ஏழாம் மாடி'யில் நான் எதையும் சாய்க்கவில்லை, ஏனென்றால் லிஃப்ட் நேராகத்தான் ஏறும், இறங்கும். அந்தக் கதைக்கு நெடுக்குக் கோடுதான் அச்சம். தாளின் இடது மூன்றில் ஒரு பங்கு முகம், வலப்புறம் மேலிருந்து கீழ்வரை இருண்ட லிஃப்ட் குழி, அடியில் தலைப்பு.

வரைவை எடுத்துத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் முகம், நிழல், வெற்றிடம் மூன்றும் பிரிந்து தெரிந்தால் அமைப்பு சரி.

ஆறாம் படி: சாயல்களைக் குறையுங்கள்

கிம்ப் அல்லது கிரிட்டா என்ற மென்பொருள் இருந்தால் போதும், இரண்டும் இலவசம். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, 'கர்வ்ஸ்' என்ற கருவியால் இருண்ட பகுதியைக் கீழேயும் வெளிச்சத்தை மேலேயும் இழுங்கள். முழுக் கறுப்பு, முழு வெள்ளை, நடுவில் ஒரே ஒரு சாம்பல் என்று மூன்றாகக் குறைந்தால் அச்சு ஓவியத்தின் வலு வரும். தயக்கம் இருந்தால் கணினியை விட்டுவிட்டுக் கறுப்புத் தாளைக் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டுங்கள். வரைகலைஞர் சால் பாஸ் 1955இல் 'தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்' படத்துக்காகச் செய்த, வெட்டிய காகிதம்போல முறுக்கிக்கொண்ட கை இன்றும் பேசப்படுகிறது. போதைப்பழக்கத்தில் சிக்கியவனின் கதையை அந்த ஒரு கை சொல்லிவிட்டது.

வண்ணம் ஒன்று போதும். சிவப்பு உதடு எல்லோருக்கும் தோன்றும். அதைவிட, படத்துக்குள் ஒளி எங்கிருந்து வருகிறதோ அங்கே வண்ணத்தை வையுங்கள். நம் போஸ்டரில் லிஃப்டின் மாடி எண் காட்டும் சிறிய விளக்கு மஞ்சள். அந்த மஞ்சளின் மெல்லிய சாயல் கண் இருக்கும் வைர இடைவெளியிலும் படுகிறது. வேறெங்கும் நிறமில்லை.

ஏழாம் படி: எழுத்து

ஆங்கில நுவார் எழுத்துருக்களைப் பார்த்துத் தமிழ் எழுத்தைக் குறுக்கி ஒல்லியாக்கும் பழக்கம் வேண்டாம். தமிழ் எழுத்து அகலமானது. பக்கவாட்டில் நசுக்கினால் வளைவுகளின் கனம் கெட்டு, கண்ணுக்கு நோயுற்றதுபோலத் தெரியும். அதற்குப் பதிலாக ஒவ்வோர் எழுத்தையும் ஊன்றிப் பாருங்கள். 'ஏழாம் மாடி' என்பதில் 'ழா'விலும் 'மா'விலும் துணைக்கால்கள் வருகின்றன. அவற்றைச் சற்று உயர்த்தினால் லிஃப்ட்டின் தூண்களாகிவிடும். ழகரத்தின் வால் வரிக்குக் கீழே இறங்குகிறது. அதை இன்னும் ஓர் அங்குலம் இழுத்தால் கேபிள் தொங்குவதுபோல ஆகும். 'ம்'மின் புள்ளியைத் துப்பாக்கிக் குண்டுத் துளையாக்கும் ஆசை வரும். இந்தக் கதையில் துப்பாக்கியே இல்லை. அந்தப் புள்ளியை மாடி எண் விளக்கைப்போல மஞ்சளாக்கினேன். அது தன் வேலையைச் செய்தது.

பென்சிலால் தாளில் எழுதி, படம் எடுத்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வைத்து மேலே கோடு இழுத்தால் கையெழுத்தின் உயிர் போகாது. நடிகர்கள், கலைஞர்கள் பெயர்களுக்குச் சாதாரண, படிக்கச் சிரமமில்லாத எழுத்துரு போதும்.

எட்டாம் படி: அச்சகத்துக்குப் போகும் முன்

நான் முதன்முதலாக அச்சடித்த நுவார் போஸ்டரில் முகத்தின் இருண்ட பாதி அப்படியே காணாமல் போயிருந்தது. திரையில் மெல்லத் தெரிந்த காதும் தாடையும் தாளில் தெரியவில்லை. அன்று மிகவும் வருந்தினேன். காரணம் பிறகு புரிந்தது: திரை தானே ஒளிர்கிறது, தாள் ஒளிராது; தாளில் மையும் கொஞ்சம் பரவும். அதற்குப் பிறகு, திரையின் பிரகாசத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டுத்தான் கடைசி முடிவு எடுக்கிறேன். அந்த நிலையிலும் தெரிய வேண்டிய இருண்ட விவரங்களை ஒரு படி தூக்கிவிடுகிறேன்.

ஏ3 அளவுக்கு 300 டிபிஐயில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில், 3508க்கு 4961 பிக்சல் வேண்டும். நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதல் கறுப்பு விடுங்கள்; இல்லையென்றால் வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும், கறுப்பு போஸ்டரில் அது பளிச்சென்று தெரியும். ஆஃப்செட் அச்சில் பெரிய கறுப்புப் பரப்புக்குக் கறுப்பு மை மட்டும் போட்டால் சாம்பல்போல வெளிறிப்போகும். சயான், மெஜன்டா, மஞ்சள் மைகளையும் அடியில் சேர்க்க வேண்டும். இதே வரிசையில் 60, 40, 40, கடைசியாகக் கறுப்பு 100 விழுக்காடு என்ற சேர்க்கை பலரும் பயன்படுத்துவது. உங்கள் அச்சகத்தார் வேறு அளவு சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள், அவருடைய இயந்திரமும் தாளும் அவருக்குத்தான் தெரியும். இப்படி நான்கு மைகள் சேர்ந்த கறுப்புக்குள் மிகச் சிறிய வெள்ளை எழுத்து வைக்கும்போது கவனம் வேண்டும். மைகள் இம்மியளவு விலகினாலும் மெல்லிய கோடுகள் அடைந்துவிடும். தமிழில் மேல்விலங்கின் சிறு சுழிகள்தான் முதலில் மூடும். கலைஞர்கள் பெயர்வரிசைக்குச் சற்றுத் தடித்த எழுத்தையே பயன்படுத்துங்கள்.

ஒரு பிரதி மட்டும் அச்சடித்து, அதை அது தொங்கப்போகும் இடத்திலேயே, அதே விளக்கொளியில் ஒட்டுங்கள். 'ஏழாம் மாடி'யின் சோதனைப் பிரதியை எங்கள் கட்டடத்தின் மாடிப்படித் திருப்பத்தில் மாலை ஆறு மணிக்கு ஒட்டினேன். பத்தடி தள்ளி நின்றபோது முதலில் தெரிந்தது அந்தக் கண். பிறகு மஞ்சள் புள்ளி. கதவின் நிழல் மூன்றாவதாகத்தான் வந்தது. வாய் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. பால் பாத்திரத்தோடு மேலே ஏறிவந்த பக்கத்து வீட்டு அக்கா அதன் முன் நின்று, "இவர் என்ன பார்த்தார்?" என்று கேட்டார். மற்ற ஐம்பது பிரதிகளையும் அச்சடிக்கச் சொல்லி அன்று இரவே அச்சகத்துக்குத் தகவல் அனுப்பினேன்.